கப்பல் வராத நாளிலும் கணக்கில் வர வேண்டிய பள்ளிகள்

2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் 'பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண்' என்ற கற்றல் அடைவு ஆய்வு நடந்தது. 781 மாவட்டங்களில் 74,229 பள்ளிகளைச் சேர்ந்த 21,15,022 மாணவர்கள் அதில் பங்கேற்றார்கள். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மூன்று மாவட்டங்களும் இந்த 781இல் அடக்கம். முடிவுகள் வெளிவந்ததும் வழக்கம்போல எந்த மாநிலம் மேலே, எது கீழே என்ற பேச்சு ஓடி அடங்கியது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தின் பெயரில் விடை எழுதிய அந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது யார், எந்த முறையில்?

இது புள்ளியியல்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய சங்கதி என்று ஒதுக்கிவிடலாகாது. ஆய்வின் முடிவை வைத்துத்தான் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், பாடநூலைத் திருத்துகிறார்கள், 'இந்த மாவட்டம் தேறிவிட்டது' என்று கோப்பை மூடுகிறார்கள். பட்டியலில் இடம்பெறாத பள்ளிக்கூடத்தின் குறை அந்தக் கோப்புக்குள் வரவே வராது. கேள்வித்தாள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பட்டியலில் ஒரு பள்ளியின் பெயரை அடித்த இடத்தில் அந்த ஆய்வு பாதி தோற்றுவிடுகிறது. இந்தியாவில் அப்படி அடிப்பதற்கான காரணங்கள் மிகுதியாகக் கிடைக்கும் இடம் அந்தமான்தான்.

எண்களைப் பாருங்கள். 836 தீவுகளும் திட்டுகளும் கொண்ட பிரதேசத்தில் மக்கள் வாழ்வது முப்பத்துச் சொச்சம் தீவுகளில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 3,80,581 பேர். தெற்கு அந்தமானில் 2,38,142, வடக்கு மற்றும் மத்திய அந்தமானில் 1,05,597, நிக்கோபார் மாவட்டத்தில் வெறும் 36,842. தமிழ்நாட்டில் ஒரு நகராட்சிக்கு இதைவிட அதிக மக்கள் இருப்பார்கள். ஆனால் அந்த 36,842 பேரும் கார் நிக்கோபார், சௌரா, தெரசா, கமோர்ட்டா, நான்கௌரி, கச்சால், லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் என்று கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கிறார்கள். முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆன தலைநகரிலிருந்து தென்கோடியில் உள்ள கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கும் மேல். கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது. ஹெலிகாப்டரில் இடம் நோயாளிகளுக்கே முதலில்.

இந்த நிலையில் ஓர் ஆய்வாளர் வருகிறார். கையில் மூன்று வாரம், அளவான பணம். அவர் என்ன செய்வார்? தலைநகரின் அபர்தீன் பஜாரிலிருந்து ஆட்டோவில் போய்வரக்கூடிய பள்ளிகள், கராச்சாராமா, பாம்பூஃப்ளாட், மிஞ்சிப்போனால் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக். அறிக்கையின் தலைப்பில் மட்டும் 'அந்தமான் நிக்கோபார் தீவுகளில்' என்று போட்டுவிடுவார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு நிதி தந்தவர்கள் கப்பல் கூலியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தலைநகர்ப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு என்று தலைப்பிட்டிருந்தால் அது நேர்மையான, பயனுள்ள ஆய்வாகவும் இருந்திருக்கும்.

உலகத் தர விதிகள் இந்த இடத்தில் கைகொடுக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு நடத்தும் பீசா தேர்வில் ஒரு நாடு தன் மாணவர்களில் 5 சதவீதம் வரை ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ளலாம். எட்ட முடியாத பள்ளிகள், கடுமையான உடல், மனக் குறைபாடு உள்ள பிள்ளைகள், தேர்வு மொழி தெரியாதவர்கள் ஆகியோர் அதில் அடங்குவார்கள். கணிதம், அறிவியலுக்கான டிம்ஸ் ஆய்விலும் ஏறக்குறைய இதே விதிதான். இந்திய மக்கள்தொகையில் அந்தமான் நிக்கோபாரின் பங்கு சுமார் 0.03 சதவீதம். தீவுகள் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு தேசிய ஆய்வை நடத்தினாலும் எந்த விதியும் மீறப்படாது. சராசரியில் ஒரு புள்ளிகூட அசையாது. கணக்கு அதைப் பொறுத்துக்கொள்கிறது என்பதால் நாமும் பொறுத்துக்கொள்ளலாமா? நான் கூடாது என்கிறேன். ஒரு நாட்டின் சராசரியைத் தெரிந்துகொள்ள மட்டும் ஆய்வு நடப்பதில்லை. யாருக்குப் பாடம் எட்டவில்லை என்று தெரிந்துகொள்ளவும்தான்.

தேசிய ஆய்வுகள் அந்தமானை விட்டுவிடவில்லை என்பதைப் பாராட்டியே சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 13, 2021 நவம்பர் 12 ஆகிய நாள்களில் நடந்த தேசிய அடைவு ஆய்வுகளும் மாவட்டத்தை அலகாகக் கொண்டவை. 2021இல் 720 மாவட்டங்களில் 1.18 லட்சம் பள்ளிகளின் 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். நிக்கோபாருக்கும் தனி மாவட்ட அறிக்கை உண்டு. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். நவம்பர் 13, நவம்பர் 12, டிசம்பர் 4. மூன்றுமே வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் மாதங்களில் வருபவை. நாடு முழுவதும் ஒரே நாளில் தேர்வு என்பது வினாத்தாள் கசியாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அதன் நியாயம் புரிகிறது. ஆனால் தீவுகளுக்குத் தனி வினாத்தொகுப்பு ஒன்றைத் தயாரித்து, கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு வார கால அவகாசத்தில் நடத்தினால் கசிவு பயமும் இல்லை, கப்பல் பயமும் இல்லை. ஒரே அளவுகோலில் பல வினாத்தொகுப்புகளை இணைத்து மதிப்பெண் கணக்கிடும் முறை பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பதுதான்.

இனி தேர்வு முறைக்கு வருவோம். எல்லாம் தொடங்குவது நாட்டின் பள்ளிகளைப் பதிவு செய்யும் யுடைஸ் பட்டியலில். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. அந்தமான் நிக்கோபார்ப் பள்ளி என்றால் அது 35 என்று தொடங்கும். அந்தப் பட்டியல்தான் ஆய்வாளரின் வாக்காளர் பட்டியல். மூடிய பள்ளி அதில் உயிரோடு இருக்கலாம். அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கப்பட்ட தொடக்கப்பள்ளி தனியாக நிற்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரில் எத்தனையோ ஊர்கள் கரையை விட்டு உள்ளே நகர்ந்தன. பள்ளிகளும் கூடவே நகர்ந்தன. ஆகவே முதல் வேலை, பட்டியலை எடுத்துக்கொண்டு தொலைபேசியில் உட்கார்வது. பள்ளி இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள், எந்தப் பயிற்றுமொழி, எந்தப் படகுத்துறை. இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்யாத ஆய்வு, பின்னால் எவ்வளவு பெரிய சூத்திரம் போட்டாலும் தேறாது.

பட்டியல் சரியானதும் குலுக்கல். பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்கு அதிக வாய்ப்பு, குறைவாக உள்ளதற்குக் குறைந்த வாய்ப்பு என்று எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மாணவர்களை எடுப்பது பொதுவான முறை. பெரிய பள்ளிக்கு உள்ளே வர வாய்ப்பு அதிகம். ஆனால் உள்ளே வந்தபின் அங்கே ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு வாய்ப்பு குறைவு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் சம வாய்ப்பு. அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு வகுப்பில் ஆறே பிள்ளைகள் படிக்கும் தீவுப் பள்ளியில் இது தடுமாறும். அந்தப் பள்ளிக்கு வாய்ப்பே மிகக் குறைவு. தப்பித்தவறித் தேர்வானாலும், 'ஆறு பேருக்காக இரண்டு நாள் கப்பலா' என்று மாவட்ட அலுவலகமே கேட்கும். இதற்கும் வழி இருக்கிறது. கப்பலில் மட்டுமே போகக்கூடிய பள்ளிகளைத் தனி அடுக்காகப் பிரித்து, அந்த அடுக்கிலிருந்து குறைந்தது இத்தனை பள்ளி வந்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அருகருகே உள்ள இரண்டு மூன்று சிறு பள்ளிகளை ஒரே அலகாகக் கட்டுவது. எங்கே பிள்ளைகள் மிகக் குறைவோ அங்கே குலுக்கலே வேண்டாம், எல்லாப் பள்ளிகளையும் எடுத்துக்கொள்வது.

கடைசியாகச் சொன்னது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாதிரியின் துல்லியம், மக்கள்தொகையில் எத்தனை சதவீதத்தை எடுத்தோம் என்பதைவிட எத்தனை பேரை, எத்தனை பள்ளிகளை எடுத்தோம் என்பதைத்தான் பெரிதும் சார்ந்தது. 34 லட்சம் பேருக்கு மேல் வாழும் கோவை மாவட்டத்துக்கு எத்தனை பள்ளி வேண்டுமோ, கிட்டத்தட்ட அத்தனை பள்ளி நிக்கோபாருக்கும் வேண்டும். நிக்கோபாரில் இருப்பதே அவ்வளவுதான் என்கிறபோது, பாதியை விட்டு மீதியை எடுத்து அதற்குச் சூத்திரம் எழுதுவதைக் காட்டிலும் முழுவதையும் எடுப்பதே உத்தமம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதே ஆசிரியர், அதே ஊர், அதே வறுமை அல்லது வசதி. பள்ளிக்குள் இருக்கும் இந்த ஒற்றுமையின் அளவு 0.3 என்று வைத்துக்கொள்வோம். 30 பள்ளிகளில் பள்ளிக்கு 30 பேர் வீதம் 900 பேரைச் சோதித்தால், அது தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த சுமார் 93 பேரைச் சோதித்ததற்குத்தான் சமம். அதே 900 பேரை 90 பள்ளிகளில் பத்துப் பத்துப் பேராக எடுத்தால் அது 243 பேருக்குச் சமம். சமவெளியில் இதன் பொருள் கூடுதலாக ஒரு ஜீப். தீவுகளில் ஒவ்வொரு கூடுதல் பள்ளியும் கூடுதலாக ஒரு கப்பல் பயணம். அதனால்தான் ஆய்வாளர்கள் இரண்டு பெரிய பள்ளிகளில் நூறு நூறு பேரை வைத்து ஆய்வை முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். தகவல் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

மாற்றுப் பள்ளி விஷயத்தில் சர்வதேச ஆய்வுகளிடம் கற்க வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. பீசாவிலும் டிம்ஸிலும் தேர்வான பள்ளி மறுத்தால் அல்லது போக முடியாவிட்டால், அதன் இடத்தில் எந்தப் பள்ளி என்பது குலுக்கலின்போதே குறிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் அதற்கு முன்னும் பின்னும் நிற்கும், தன்மையில் ஒத்த இரண்டு பள்ளிகள். களத்தில் இருப்பவர் தன் வசதிக்கு மாற்ற முடியாது. பீசாவில் முதலில் தேர்வான பள்ளிகளில் 85 சதவீதம் பங்கேற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 65 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுப் பள்ளிகளைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. தெரசாவுக்குப் பதில் கராச்சாராமா என்று களத்தில் ஒரு பெயர் மாறினால், மாறியது பள்ளி மட்டும்தானா? கடலோரக் கிராமத்தின் பிள்ளைக்குப் பதில் தலைநகரில் டியூஷன் போகும் பிள்ளையின் விடைத்தாள் நிக்கோபாரியப் பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது.

யாரை முன்னிறுத்துகிறோம் என்பதில் அரசுகளும் விளையாடும். 2009க்கான பீசா சுற்றின் நீட்டிப்பில் இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 74 பங்கேற்பாளர்களில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. வாசிப்பிலும் கணிதத்திலும் பின்னால் இருந்தது கிர்கிஸ்தான் மட்டுமே. அதன்பின் இந்தியா பல ஆண்டுகள் ஒதுங்கி நின்றது. மீண்டும் சேர முடிவெடுத்தபோது முன்வைத்த பெயர்கள் கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா, சண்டிகர். அந்தச் சுற்றிலும் கடைசியில் பங்கேற்கவில்லை என்பது வேறு. நவோதயாவில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். மத்திய அந்தமானின் பஞ்சவடியிலும் ஒரு நவோதயா இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வடித்தெடுத்த பிள்ளைகளை வைத்து ஒரு நாட்டின் வகுப்பறையை அளக்க முடியாது. சீனாவும் 2018இல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, செஜியாங் என்ற நான்கு வளமான பகுதிகளோடுதான் பீசா பட்டியலின் உச்சிக்குப் போனது. தமிழ்நாடு அன்று கடைசி வரிசையில் நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து. வடித்தெடுத்த பள்ளிகளை மட்டும் அனுப்பாமல் மாநிலத்தையே அனுப்பியது.

பள்ளியைச் சேர்த்துக்கொள்ளும் விதமும் பேசப்பட வேண்டியது. அரசு ஆய்வென்றால் இயக்குநரகத்திலிருந்து சுற்றறிக்கை வரும், தலைமையாசிரியர் கையெழுத்திடுவார். தனியார் ஆய்வாளர்கூட முதலில் போய் நிற்பது இயக்குநரகத்தில்தான். மேலிடத்துக் கடிதத்தை வைத்துக்கொண்டு 'உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்பதில் பொருளில்லை. மறுக்க முடியாதவரின் தலையசைப்பு சம்மதம் ஆகாது. மறுபுறம், விருப்பமுள்ள பள்ளி வரட்டும் என்று விட்டாலும் சிக்கல். அமெரிக்காவில் பெரிய கல்விப் பரிசோதனைகளில் சேர்ந்த பள்ளி மாவட்டங்களை எலிசபெத் ஸ்டூவர்ட் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் ஆராய்ந்தபோது, அவை நாட்டின் சராசரி மாவட்டத்தைவிடப் பெரியவை, நகர்ப்புறத் தன்மை மிக்கவை என்று தெரிந்தது. ஆர்வமுள்ள தலைமையாசிரியர், இணைய வசதியுள்ள பள்ளி, ஏற்கெனவே நன்றாக நடக்கும் பள்ளி: முன்வருவது இவைதான். அங்கே பலித்த திட்டம் லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலும் பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதைச் சரியாகச் செய்த உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திராவில் ஆசிரியர் ஊக்கத்தொகை பற்றி நடத்திய ஆய்வில் ஐந்து மாவட்டங்கள், அவற்றில் 50 மண்டலங்கள், மண்டலத்துக்குப் பத்து அரசுப் பள்ளிகள் என்று குலுக்கலில் எடுத்தார்கள். முன்வந்த பள்ளிகளைப் பொறுக்கவில்லை. ஊரகப் பள்ளிகள் அனைத்துக்கும் அந்த முடிவைப் பொருத்திப் பேச அவர்களால் முடிந்தது அதனால்தான்.

பள்ளி வாசலைத் தாண்டி வகுப்பறைக்குள் போவோம். ஆய்வுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் தலைமையாசிரியர் செய்யும் முதல் காரியம், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை எழுப்பி வரிசையில் நிறுத்துவது. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செய்கிற மரியாதைதான் அது. அந்த இடத்தில் ஆய்வாளர் பணிவாக, ஆனால் உறுதியாக, வருகைப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். 45 பெயர்கள் இருக்கின்றன, 15 பேர் வேண்டும் என்றால் மூன்றுக்கு ஒருவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய மூன்று சீட்டுகளை மடித்துப் போட்டு, ஒரு பிள்ளையை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லலாம். இரண்டு வந்தால் பதிவேட்டில் 2, 5, 8 என்று போய் 44இல் முடியும். நம் பதிவேடுகளில் பெரும்பாலும் பையன்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும் இருப்பதால் இரு தரப்பும் அதனதன் விகிதத்தில் தானாகவே வந்துவிடும். தலைமையாசிரியரின் கண் முன்னால், ஒளிவுமறைவில்லாமல் நடக்கிற இந்தக் குலுக்கல் ஐந்து நிமிட வேலை. ஏன் தன் கெட்டிக்கார மாணவி வரவில்லை என்று கேட்கும் ஆசிரியருக்கும் அதைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

பதிவேட்டிலிருந்து என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று வந்திருப்பவர்களிலிருந்து எடுத்தால் வராதவர் எப்போதும் வெளியேதான். தீவுகளில் வராத பிள்ளை யார்? அப்பாவோடு மீன்பிடிக்கப் போனவன், பாக்கு உரிக்கும் நாளில் வீட்டில் நின்றவள், தம்பியைப் பார்த்துக்கொள்பவள். அவர்கள் பெயர் குலுக்கலில் வந்தால் வராதவர் என்று குறிக்க வேண்டும். முடிந்தால் மறுநாள் தேடிப் போக வேண்டும். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் ஆய்வு பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிப்பதில்லை. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று வீட்டு வாசலில் போய்ப் பிள்ளையைப் படிக்கச் சொல்கிறது. பள்ளியை விட்டு நின்றவரும் அதில் அகப்படுவார். அரசின் தேசிய அடைவு ஆய்வையும் ஏசரையும் டக் ஜான்சன், ஆண்ட்ரெஸ் பராடோ ஆகிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, அரசு ஆய்வின் மாநிலச் சராசரிகள் கணிசமாக உயர்ந்து நின்றன. மாநிலங்களின் தரவரிசைகளிடையே தொடர்பே ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இழப்பை அளந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் குழுவும் வீடுகளுக்குத்தான் போனது. சுமார் 19,000 ஊரகப் பிள்ளைகளை அப்படிச் சோதித்ததால்தான், 18 மாதப் பள்ளி மூடலின் இழப்பு எவ்வளவு, மாநில அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எவ்வளவை மீட்டது என்று அவர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடிந்தது.

மொழி இன்னொரு வாசல். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் வங்காளம் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரியம் 7 சதவீதத்துக்கு மேல், மலையாளம் 7. தேசிய அடைவு ஆய்வு 2021இல் 22 மொழிகளில் நடந்தது. தமிழ்வழிப் பிள்ளைக்குத் தமிழில் வினாத்தாள் கிடைக்க வழியிருந்தது. மத்திய அந்தமானின் காட்டு வேலைக்கு வந்து நிலைத்த ராஞ்சிக்காரர்களின் பிள்ளை வீட்டில் பேசுவது சாத்ரி. அவர்கள் இங்கே பழங்குடியினர் பட்டியலிலும் இல்லை. மாயாபந்தர் பக்கம் வெபியில் கரேன் மக்கள். கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர்கள். மாவட்டச் சராசரி என்ற ஒற்றை எண்ணில் இவர்கள் எல்லோரும் கரைந்துபோகிறார்கள். பள்ளியைப் பயிற்றுமொழி வாரியாக அடுக்கினால் மட்டும் போதாது. வீட்டு மொழி என்ன என்ற ஒரு கேள்வி மாணவர் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்திவழியில் தடுமாறும் சாத்ரிப் பிள்ளை, மந்தமான இந்திப் பிள்ளை என்றே பதிவாகும்.

எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே சிலரைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லியாக வேண்டும். சென்டினலியர், ஜாரவா, ஷொம்பேன் மக்களை எந்தக் கல்வி ஆய்வின் பெயராலும் அணுகலாகாது. 1956ஆம் ஆண்டின் ஆதிப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்கள் பகுதிகளில் நுழைவதைத் தடுக்கிறது; தடுக்கவும் வேண்டும். அவர்கள் விடுபடுவது அவர்களது உரிமையால். தெரசாவின் பிள்ளை விடுபடுவது நம் சோம்பலால். அறிக்கையில் 'விலக்கப்பட்டவை' என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் போடுவது பெரும் பிழை. நிக்கோபாரியர் வாழும் தீவுகளுக்கும் பழங்குடி அனுமதிச்சீட்டு வேண்டும். அனுமதிச்சீட்டோடு காரியம் முடிவதில்லை. ஊர்த் தலைவரான கேப்டனையும் பழங்குடி மன்றத்தையும் பார்த்துப் பேசாமல் பள்ளிக்குள் போகிறவரை அங்கே யாரும் மதிப்பதில்லை. அந்த மண்ணுக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்ற தமிழர். அவரிடம் படித்து, பர்மா சென்று கற்றுத் திரும்பிய ஜான் ரிச்சர்ட்சன் தம் மொழிக்கு எழுத்து வடிவில் நூல்கள் தந்தார், முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். எதற்கு இந்த ஆய்வு, எங்களுக்கு என்ன தருவாய் என்று கேட்க அந்த மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. ரத்தம் எடுக்க மட்டும்தானா அந்த மரியாதை? முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்து வாசிக்கத் தெரியாமல் விழிக்கிற பிள்ளைக்கும் அது உண்டு. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும். ரகசியமும் அப்படித்தான். சென்னையில் 'அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு மாணவி' என்றால் ஆயிரக்கணக்கானவர். கச்சாலில் அதே சொற்கள் ஒரு பிள்ளையின் வீட்டு முகவரிக்குச் சமம். நான்கு பேர் உள்ள வகுப்பின் மதிப்பெண்ணைத் தனியாக வெளியிட்டால் ஊருக்கே பெயர் தெரியும், ஒரே ஆசிரியர் இருந்தால் பழியும் அவர் தலையில் விழும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் முடிவையும் தனியாக அச்சிடக் கூடாது.

சிறிய இடத்தின் இன்னொரு சங்கடம் களைப்பு. பெரிய மாவட்டத்தில் ஒரு பள்ளி ஒரு முறை தேர்வானால் அடுத்த முறை வருவதற்குள் தலைமையாசிரியரே மாறியிருப்பார். நிக்கோபாரில் பள்ளிகளே சொற்பம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப அதே கதவுகள் தட்டப்படுகின்றன. அரசு ஆய்வு, பல்கலைக்கழக முனைவர் ஆய்வு, தொண்டு நிறுவனத்தின் அடிப்படை ஆய்வு. ஒவ்வொருவரும் ஒரு முழு வேலைநாளை எடுத்துக்கொள்கிறார்கள். முடிவைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுபவர் அரிது. தீவுகளில் மாநிலக் கல்வி நிறுவனம் ஒன்று செயல்படுகிறது. எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு யார் ஆய்வு செய்தார்கள் என்ற பதிவேடு ஒன்றை அது தொடங்கலாம். ஓராண்டில் ஒரு பள்ளிக்கு ஓர் ஆய்வுக்கு மேல் அனுமதியில்லை என்றும், முடிவைப் பள்ளியின் பயிற்றுமொழியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவருக்கே அடுத்த அனுமதி என்றும் விதி செய்யலாம். பணம் அதிகம் கேட்காத விதிகள் இவை.

பரக் ஆய்வின் அடுத்த சுற்றுக்கு முன் அதை நடத்தும் என்சிஇஆர்டி செய்ய வேண்டியது ஒன்று. அந்தமான் நிக்கோபாரில் குலுக்கலில் முதலில் தேர்வான பள்ளிகள் எத்தனை, அவற்றில் போய்ச் சேர்ந்தவை எத்தனை, மாற்றப்பட்டவை எத்தனை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் என்ன என்பதைத் தீவு வாரியாக, பள்ளிப் பெயரில்லாமல், ஒரு பக்க அட்டவணையாக அறிக்கையின் முன்பக்கத்தில் போட வேண்டும். 'கப்பல் இல்லை' என்ற காரணம் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் போதும், அடுத்த முறை எத்தனை கப்பல் நாள்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.